துருவுக்குப் பணியாதவள்

கும்மிடிப்பூண்டி கம்பி ஆலையின் முற்றத்தில் காலை வெயில் துருவேறிய இரும்பின் மேல் சிவந்து கிடக்கிறது. அங்கே கூடை சுமக்கும் திலகவதி தன் முதுகின் ஸ்கேன் படத்தை அந்த வெயிலில் தூக்கிக் காட்டுகிறாள். முள்ளெலும்புகளின் நடுவே ஒரு டிஸ்க் மட்டும் கறுத்திருக்கிறது. "இந்த டிஸ்க்குக்கு உள்ள இருக்கிற செல்லுங்க, இரும்பு மாதிரி துரு ஏறாம தன்னைக் காத்துக்கினே இருக்குமாம், மேஸ்திரி. எனக்கு அந்தக் காவல் கொறஞ்சிப்போச்சாம், அத்துப்போவலயாம். பாதி பாரம் தூக்கலாம்னு டாக்டர் சொல்லிக்கீறாரு." மேஸ்திரி, அவள் வேலையை விடுவதாக எழுதிய கடிதத்தையும் பேனாவையும் நீட்டுகிறார். "ஆளுக்கொரு கூடைதான் இங்க ரூலு. கையெழுத்து போட்டுட்டு ஊட்டுக்குப் போம்மா." அவள் பேனாவைத் தொடவில்லை. முழங்காலை மடக்கி, இரும்புத் துண்டுகள் நிறைந்த தன் கூடையின் ஒரு காதைப் பற்றுகிறாள். கூட வேலை செய்யும் குல்சும், யாரும் கூப்பிடாமலே வந்து, பிஸ்மி சொல்லி மறு காதைப் பிடிக்கிறாள். "ரெண்டு பேரு, ரெண்டு கூடை, ரெண்டு நடை. இதுல எந்த ரூலு கெட்டுப்போச்சு?" என்கிறாள் திலகவதி. கூடை தரையை விட்டு எழும்புகிறது. நீட்டிய கடிதத்தோடு மேஸ்திரி ஒதுங்கி வழிவிடுகிறார்.