மேடும் பள்ளமும்

லென்ஸ் பட்டறைக்கு வரும் பெட்டிகளில் சீன எழுத்து மட்டுமே இருக்கும். எட்டாவதோடு படிப்பை விட்டு அங்கே வேலைக்கு வந்த முத்தரசி அதைப் பார்த்து ஒரு நோட்டில் வரைந்து, பெட்டியைத் திறந்ததும் உள்ளே இருந்ததைப் பக்கத்தில் எழுதிக்கொள்வாள். பள்ளம் விழுந்த எழுத்து குழிலென்ஸ். மேடு வைத்தது குவிலென்ஸ். ஆடி, பட்டகம் என்று நாற்பது சொல் சேர்ந்துவிட்டது.

அன்று கூட வேலை செய்யும் ரெஜினா அக்கா நோட்டைப் பிடுங்கிவிட்டாள். "பாருங்கடி, எட்டாங்கிளாஸ் மகராசி சீனாக்காரனுக்கு லெட்டர் எழுதுறா!"

சிரிப்பு அடங்கவில்லை. "கோலம்க்கா," என்று முத்தரசி அதை வாங்கி, போட்டிருந்த வேலைக் கோட்டுக்குள் ஒளித்தாள்.

சற்று நேரத்தில் சூப்பர்வைசர் இரண்டு பெட்டிகளோடு வந்தார். "குழிலென்ஸ்தான் வேணும். பெட்டியை மாத்தி உடைச்சா அனுப்புனவன் திருப்பி எடுக்கமாட்டான். எதுன்னு யாருக்காவது தெரியுமா?"

பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"முத்தரசியைக் கேளுங்க சார், கோலம் போட்டுச் சொல்லுவா," என்றாள் ரெஜினா.

மறுபடி சிரிப்பு. முத்தரசி தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்குத் தெரியாது சார்."

அவர் மேடு வைத்த எழுத்தின் மேல் பிளேடை வைத்தார். கோட்டுக்குள் அவள் விரல் நோட்டு அட்டையில் பள்ளத்தைத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருந்தது.