பதினாறாம் நாள் சோறு

திரையில் தெரிந்த மனிதன் மாடிச் சுவரின் மேல் ஒரு பிடி சோறு வைத்தான்.

அறையில் யாரோ மகிழ்ச்சியுடன் மேசையைத் தட்டினார்கள்.

திரைக்கு முன் அமர்ந்திருந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மீண்டும் அணிந்தார்.

சோறு அங்கேயே இருந்தது.

திரையில் இருந்தது கடல் கடந்த நாடு. துறைமுகத் தொழிலாளர் மூவர் குடியிருந்த வீடு. மூவரும் தமிழர்கள். அவர்களில் ஒருவன் குண்டு வைத்தவன் என்று கோப்பு சந்தேகித்தது. அவன் குடும்பம் எது என்று அதற்குத் தெரியும்; மூவரில் எவன் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு மேலே, கண்ணுக்கு எட்டாத உயரத்தில், ஆளில்லா விமானம் ஒன்று வட்டமிட்டுக்கொண்டிருந்தது.

அடையாளத்தை உறுதி செய்வது அவர் வேலை. அவர் ஆம் என்றால் ஏவுகணை புறப்படும். இதுவரை பதினொரு முறை ஆம் என்றிருக்கிறார். ஒவ்வொரு முறையும் வீடு திரும்பி நெடுநேரம் தூங்கினார். களைப்பு மட்டும் தீரவில்லை.

இந்த யோசனையும் அவருடையதே. தேடப்படுபவனின் தந்தை ஊரில் இறந்தபோது அவர் குறிப்பு எழுதினார்: மகனால் வர இயலாது. ஆயினும் பதினாறாம் நாள் காகத்துக்குச் சோறு வைப்பான். வைப்பவனே அவன். இன்று அந்தப் பதினாறாம் நாள்.

வேடன் தானியத்தைத் தூவி வலை விரிப்பான். இங்கே தானியம் தூவுகிறவனுக்காக வலை காத்திருந்தது.

"உங்க காக்கா ஜெயிச்சிடுச்சு சார்," என்றார் இளம்பரிதி. வயதில் இளையவர், பதவியில் மேலவர். "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, முடிச்சிடலாம்."

அவர் வாயைத் திறந்தார்.

அப்போதுதான் தம் விரலைக் கண்டார். நகக்கண்ணில் ஓர் எள்.

காலையில் மனைவி எள்ளும் சோறும் வைத்த இலைத்துண்டை நீட்டியிருந்தாள். அவரும் வழக்கம்போல் மாடிக்குப் போய்த் தம் தகப்பனாருக்கு வைத்துவிட்டு வந்திருந்தார்.

"இன்னைக்கு அமாவாசை," என்றார்.

"அதனால?"

"அப்பா இல்லாத எவனும் வைப்பான். நானும் வச்சிட்டுத்தான் வந்தேன்."

"உங்க குறிப்புல அமாவாசையே இல்லையே சார்?"

"பஞ்சாங்கம் பார்க்க மறந்துட்டேன்."



இளம்பரிதி கடிகாரத்தைப் பார்த்தார். "விமானம் இன்னும் நாலு நிமிஷந்தான் அங்க நிக்கும்." பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: "நாம தேடுறவனுக்கும் அப்பா இல்லதானே?"

திரையில் காகம் எதுவும் வரவில்லை.

அந்த மனிதன் இரு கைகளையும் வாயருகே குவித்தான். முகத்தை நிமிர்த்தினான்.

வானத்தைப் பார்த்து அழைக்கத் தொடங்கினான்.