பேனரில் முளைத்த பனை

"படத்துல ஒரு பனைகூட இல்லியேடா. பேனர்ல மட்டும் எப்படி மொளைச்சுது?"

காளிச்சாமி பேனர் எழுதுகிறவன். பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தான்.

ராக்கப்பன் மறுபடியும் அண்ணாந்து பார்த்தான். டாக்கீஸ் வாசல் பேனரில் கதாநாயகன் இருந்தான், கதாநாயகி இருந்தாள், காமெடிக்காரர்கூட ஓரமாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். வில்லனைத்தான் காணோம். அவன் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பனைமரம். அடியில் ஒரு புதர்.

அந்த வில்லன் ராக்கப்பன்தான். முதல் படம். சொந்த ஊரான, மலையாள எல்லையோரத்துச் சித்தூரில் அது ஓடுவதைப் பார்க்க, மெட்ராஸிலிருந்து ரயிலேறி, ஒலவக்கோட்டில் இறங்கி, பஸ் பிடித்து நேராக இங்கே வந்திருந்தான்.

பனை எதற்கு வரும் என்று அவனுக்குத் தெரியும். இருவரும் ஒன்றாக நாடகத்துக்குப் படுதா எழுதியவர்கள். தூண் கோணினாலும், ராணியின் முகம் கெட்டாலும், மேலே ஒரு பனையை வரைந்து மறைத்துவிடுவார்கள். அவர்கள் எழுதிய அரண்மனைக்குள்ளேயே பனை நின்றது.

"அப்போ என்ற மூஞ்சிய எழுதிட்டு, அதும்மேல பனைய வெச்சிருக்கறே?"

"ஆமா."

"நல்லா வரலியா?"

"நல்லாத்தான் வந்துச்சு."

"பொறவு?"

"ஸ்டில்லு ஒண்ணே ஒண்ணுதான் அனுப்புனாங்க. அது எனக்குப் புடிக்கல."

மேனேஜர் சென்னியப்பன் சிரித்தார். "வயித்தெரிச்சலுங்க, வேறென்ன? ரெண்டு பேரும் ஒரே டப்பாவுல பிரஷ்ஷ நனைச்சீங்க. போலீஸ் வேஷக்காரன் காச்சல்ல படுத்த அன்னிக்கு நீங்க மேடையேறுனீங்க, இன்னிக்கு சினிமா. இவன் இன்னும் ஏணியிலயே நிக்கறான்."

அன்று படுதாவுக்குப் பின்னாலிருந்து தன்னை மேடைக்குத் தள்ளிவிட்டதே காளிச்சாமிதான் என்பது ராக்கப்பனுக்கு நினைவு வந்தது. அதனால் கோபம் கூடத்தான் செய்தது.

"சொரண்டு, இப்பவே."

"நாளைக்குச் சந்தை முடியட்டும்டா. சாயங்காலம் நானே சொரண்டிடறேன்."

"சந்தைக்கு ஊரே வரும். அவுங்க என்னைப் பாத்தரக் கூடாது, அப்படித்தான?"

காளிச்சாமி பிரஷ்ஷை உதறிக் கீழே வைத்தான்.

ராக்கப்பனே ஏணியில் ஏறினான். சரியாகக் காயாத பச்சை, மண்ணெண்ணெய்த் துணிக்கு வந்துவிட்டது. நெற்றி, கண், மூக்கு, மீசை. நல்ல கை. தன் முகத்தை யாரும் இவ்வளவு அழகாக எழுதியதில்லை.

"மீதிய நாளைக்குக் காத்தால வேற ஆள வெச்சு எடுத்துக்கலாங்க. இவனும் இனி இங்க வேண்டாம்" என்றார் மேனேஜர்.

ராக்கப்பன் அதைத் தடுக்காமல் ஏணியிலிருந்து இறங்கினான். வீட்டுக்கு நடந்தான்.

அம்மா பூவாத்தாள் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"என்ற கண்ணு போச்சாட்ட இருக்குது, சாமி."

"ஏம்மா?"

"போன சந்தைக்குக் கத்திரிக்காக் கூடையோட போனனா? டாக்கீசுகிட்ட பாத்தா, நீ ஒரு கெழவியோட மயித்தப் புடிச்சு இழுக்கறாப்பல எழுதி வெச்சிருக்குது. நெஞ்சு அடைச்சு ரோட்டுலயே உக்காந்துட்டேன். காளிச்சாமிதான் ஓடியாந்து தண்ணி குடுத்தான். 'அங்க உங்க பையனே இல்லீங்கம்மா, வெறும் பனமரம்'னு சத்தியம் பண்றான்."

ராக்கப்பனின் கை சோற்றில் நின்றது.

"ரெண்டு நாள் கழிச்சுப் போய்ப் பாத்தேன். அவன் சொன்னாப்பலயே பனமரந்தான். வேசம் கட்டுனாலும் நீ அப்படிப் பண்ணுவியா? நாளைக்குச் சந்தைக்கு நீயும் வா, காட்டறேன்."

அவன் பாதிச் சோற்றில் எழுந்து டாக்கீசுக்கு ஓடினான்.

"பனை இருக்கட்டுங்க. இவனும் இருக்கட்டும்" என்றான் மேனேஜரிடம். வெளிச்சம் மங்குவதற்குள் ஏணியில் ஏறி, தன் நெற்றியிலும் கண்ணிலும் மீசையிலும் தானே பச்சையை அப்பினான்.

கீழே ஏணியைப் பிடித்திருந்த காளிச்சாமி அண்ணாந்து பார்த்தான்.

"மூக்கு இன்னும் தெரியுதுடா. இன்னொரு மட்டை போடு."