கை கழுவியதற்குக் கையெழுத்து

"கை கழுவினியா இல்லையா? அதைச் சொல்லு!"

ஆஸ்பத்திரி சமையல்கூடமே அதிரும்படி மேனேஜர் கத்தினார்.

முட்டையக்காவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தினமும் முந்நூறு முட்டை அவித்து உரிப்பவள். அந்தப் பேரே அவளுக்கு நிலைத்துவிட்டது.

"கழுவினேன் சார்."

"அப்போ கையெழுத்து எங்கே?"

நோட்டை அவள் மூக்குக்கு நேரே ஆட்டினார். கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், நூலில் கட்டிய பேனாவோடு தொங்குமே, அந்த நோட்டு. கழுவியவர்கள் அதில் கையெழுத்துப் போட்டே ஆகவேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். எட்டுப் பேர் ஒழுங்காகப் போட்டிருந்தார்கள். அவள் கட்டம் மட்டும் மாசம் முழுக்கக் காலி.

"கழுவின கையோட நேரா வேலைக்குப் போயிடுவேன் சார்."

"வாயைப் பாரு! பதினாலு நோயாளிங்க வாந்தி பேதியில கிடக்கறாங்க. உன் திமிருக்கு அவங்க சாகணுமா?"

பதினெட்டு வருஷம்! அவள் கையால் சாப்பிட்டு ஒருத்தர் வயிறு கெட்டதில்லை. கூட வேலை செய்கிற எட்டுப் பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாவிகள், ஒருத்தராவது வாயைத் திறக்கக் கூடாதா?

மேனேஜர் ஒரு தாளை நீட்டினார்.

"'கை கழுவாமல் வேலை செய்தேன்'னு எழுதியிருக்கு. கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குக் கிளம்பு. இந்தா!" நூலை வெடுக்கென்று அறுத்து, பேனாவையும் நீட்டினார்.

"செத்தாலும் போட மாட்டேன்!"

"தொடாதீங்கக்கா அதை!"

வாசலில் மூச்சிரைக்க நின்றாள் லேப்காரப் பெண். மூணு நாள் முன்னால் எல்லார் கையிலும் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்துப்போனவள்.

"ரிசல்ட் வந்திருச்சு சார். எட்டுப் பேர் கையில கிருமி. இந்த அக்கா கை ஒண்ணுதான் சுத்தம்."

"அதெப்படி? அந்த எட்டுப் பேரும் கழுவியிருக்காங்களே! கையெழுத்து இருக்கே!"

"கழுவினாங்க சார். மத்தவங்க கழுவிட்டு அந்தப் பேனாவைத் தொட்டாங்க. இவங்கள்ல கோழி வெட்டறவர் மட்டும் அவசரத்துல முதல்ல கையெழுத்தைப் போட்டுட்டு, அப்புறம்தான் ஏனோதானோன்னு கழுவறார். பேனாவையும் தடவிப் பார்த்தேன். கோழிக் கிருமி பூரா அதுலதான் இருக்கு."

மேனேஜர் தன் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார்.

முட்டையக்கா தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டாள்.

"வாங்க சார். சோப்புப் போட்டு நல்லாக் கழுவுங்க. கையெழுத்தெல்லாம் வேண்டாம்."