மூன்றாவது சங்கு

லீடு கிட்டார் வாசிக்கப் புதிதாக வந்த பன்னீர்செல்வம் சட்டைப் பையிலிருந்து விரல் நீளக் குழல் ஒன்றை எடுத்து ஊதினான். மெட்ராஸில் வாங்கியது, சுருதி பார்க்கிற குழல். பிறகு உதயசூரியனின் பேஸ் கிட்டாரில் இருப்பதிலேயே தடித்த கம்பியைச் சுண்டச் சொன்னான்.

உதயசூரியன் சுண்டினான். சுண்டியதும் தலையை நிமிர்த்தி வாசல் பக்கம் பார்த்தான். அந்தக் கம்பியைத் தொட்டால் அப்படி நிமிர்வது அவன் பழக்கம். மேலே பல்லி கிடக்கிறதா என்று குடிக்க வருகிற மாலுமிகள் கேலி செய்வார்கள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. உங்க கம்பி மட்டுமில்ல, உங்க பேண்டே சுருதி இறங்கித்தான் நிக்குது" என்றான் பன்னீர்செல்வம்.

பக்தவத்சலத்தின் பாரில் மணி ஐந்தரை. போர்ட் பிளேரில் அதற்குள் விளக்குப் போட்டாக வேண்டும். ஆறு மணிக்கு முதல் பாட்டு.

பன்னீர்செல்வம் டெலிபோன் இலாகாவில் மாற்றலாகி வந்து இன்னும் பத்து நாள் ஆகவில்லை, எட்டு வருஷத்துப் பேண்டில் குற்றம் கண்டுபிடித்துவிட்டான். சொன்னது பொய்யாக இருந்தால் நாலு வார்த்தை திட்டி அனுப்பியிருக்கலாம். உண்மையாக இருந்ததுதான் வம்பு.

அறுபத்தெட்டில் இந்த ஊரில் சுருதி வைக்க ஒழுங்கான ஆர்மோனியம்கூட இல்லை. உப்புக்காற்று எல்லாவற்றையும் தின்றுவிடும். உதயசூரியன் மெட்ராஸ் கப்பல் ஊதுகிற சங்கைக் கேட்டு அந்தத் தடித்த கம்பிக்குச் சுருதி வைத்தான். லீடு கிட்டார்காரர் அவன் கம்பிக்கு வைத்துக்கொண்டார். டிரம்ஸ் அடித்துக்கொண்டே பாடுகிற ஹபீப் முகம்மது தன் தொண்டையையும் அதற்கே பழக்கிக்கொண்டான். பகலில் அவனுக்கு அபர்தீன் பஜாரில் குடைக்கடை.

என்ன நாட்கள் அவை! தகரக் கூரையில் மழை கொட்டினால் பாட்டும் கேட்காது, கிட்டாரும் கேட்காது. பலகைத் தரையில் பேஸ் மட்டும் காலுக்கடியில் ஓடும். அதைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் ஆடுவார்கள். பெங்காலி, தெலுங்கு, மலையாளி என்று யாரும் அப்போது தனியாகத் தெரிவதில்லை.

இப்போது பழைய லீடு கிட்டார்காரர் மாயாபந்தருக்குப் போய் நாலு மாசம். பன்னீர்செல்வமும் எழுந்து போய்விட்டால் பேண்டு முடிந்தது. பக்தவத்சலம் இசைத்தட்டு போடுகிற ரேடியோகிராம் ஒன்று வாங்கி, மேலே துணி போட்டு மூடி வைத்திருந்தார். இன்றைக்கும் பேண்டு இல்லையென்றால் துணியை எடுத்துவிடுவதாக மத்தியானமே சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற மனுஷன்.

கொஞ்சம் ஏற்றினால் போதும் என்றான் பன்னீர்செல்வம். உதயசூரியன் முடியாது என்றான். இந்தச் சுருதியிலேயே வாசித்துப் பழகினால் தன் காது கெட்டுப்போகும், நாளைக்கு மெட்ராஸில் ஒரு பேண்டிலும் உட்கார முடியாது என்றான் பன்னீர்செல்வம். உதயசூரியன் பொதுப்பணித் துறையில் படம் வரைகிறவன். ஒரு கோடு இம்மி கோணினாலும் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து வரைவான். அவனுக்கா தெரியாது.

கடைசியில் திருகின் மேல் கையை வைத்தான். ஏற்றினால் பேண்டு இருக்கும், அந்தச் சத்தம் இருக்காது. ஏற்றாவிட்டால் சத்தம் இருக்கும், வாசிக்க இடம் இருக்காது.

டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து ஹபீப் பன்னீர்செல்வத்திடம் மெதுவாகச் சொன்னான்.

"ரெஹ்னே தோ பாய், விட்டுடு. இந்தச் சுருதி மெட்ராஸ் கப்பல் சங்கோடது. அந்தக் கப்பல போன வருஷம் பம்பாய்ல ஒடச்சிட்டாங்க. அந்தச் சத்தம் இப்ப இவன் கம்பியில மட்டும்தான் இருக்கு."

பன்னீர்செல்வம் குழலைச் சட்டைப் பைக்குள் போட்டான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாக இறக்கினான். ஆறு மணிக்கு முதல் பாட்டு ஆரம்பித்தது. உதயசூரியன் தடித்த கம்பியைச் சுண்டி, வழக்கம்போல் நிமிர்ந்தான்.

ஹபீப் சொன்னது பாதிதான். மீதி அவனுக்கும் தெரியாது.

அந்த பேஸ் கிட்டார் வந்து இறங்கியதும் அதே கப்பலில்தான். நாலு நாள் கழித்து, உதயசூரியன் விரும்பிய மரகதம், தன் அப்பாவுக்கு மாற்றலாகி மெயின்லேண்டுக்குத் திரும்பியதும் அதே கப்பலில்தான்.

முதல் சங்குக்கு வழியனுப்ப வந்தவர்கள் இறங்கிவிட வேண்டும். இரண்டாவதுக்கு ஏணியைத் தூக்குவார்கள். மூன்றாவதுக்குக் கப்பல் நகரும்.

மரகதம் முந்தின நாளே சொல்லியிருந்தாள். ராத்திரி அப்பாவிடம் பேசிவிடுவாள். அவர் சம்மதித்தால் மூன்றாவது சங்கு ஊதும்போது மேல்தட்டில் நின்று கையைத் தூக்குவாள். தூக்கினால் அவன் அடுத்த கப்பலில் வந்து பெண் கேட்க வேண்டும்.

அன்று சாயங்காலம் முதல் கச்சேரி. ஆபீசிலிருந்து கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டே ஜெட்டிக்கு ஓடி வந்திருந்தான். முதல் சங்கு ஊதியபோது தடித்த கம்பி அதோடு லேசாக நடுங்கியதைக் கவனித்தான். இரண்டாவது சங்குக்குத் திருகிப் பார்த்தான், கிட்டத்தட்டச் சேர்ந்துவிட்டது.

மூன்றாவது சங்கு ஊதியது. இன்னும் ஒரு மயிரிழைதான். கிட்டாரின் கழுத்தில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு திருகினான். சேர்ந்துவிட்டது. அப்படி ஒரு சந்தோஷம். அவளுக்குக் காட்டத்தான் நிமிர்ந்தான்.

சங்கு நின்று, கப்பல் நகர்ந்திருந்தது. மேல்தட்டு முழுக்க எல்லோரும் கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அவளுடையது பதிலா, விடைபெறுவதா என்று தெரியவில்லை.

நீ கையைத் தூக்கினாயா என்று கேட்டு எழுதலாம். எழுதினால் நான் பார்க்கவில்லை என்றும் எழுத வேண்டும். அதை எழுத அவனுக்கு இன்றுவரை மனசு வரவில்லை.