பூதலிங்கம் பார்த்த ஐஸ்

"நெல்லையப்பர் மேல ஆணை வே! இதுல ஒரு சொல்லு பொய்யின்னா என் நாக்கு அழுகிப் போவட்டும். ஐஸு எரியும். இந்தக் கண்ணால பாத்திருக்கேன்."

பூதலிங்கம் அண்ணாச்சி முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. கணேஷ்ராம் ஓரக்கண்ணால் மகளைப் பார்த்தார். விஜயஸ்ரீ குனிந்த தலை நிமிரவில்லை. ஆழ்கடல் ஆராய்ச்சிக் கப்பலில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. கடல் என்றாலே கணேஷ்ராமுக்குப் பயம், "அனுப்பமாட்டேன்" என்றுவிட்டார். அன்றிலிருந்து அவள் உறைந்துபோய்க் கிடக்கிறாள். நாளைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"எங்கன பாத்தீய அண்ணாச்சி?"

"உவரியில கப்பல் ஏறி நடுக்கடலுக்குப் போனேன்லா, அப்ப. அடியில ஒரே குளிரு. மேல மலை கணக்கா தண்ணிப் பாரம். அந்த அமுக்குல தண்ணி இறுகிக் கூண்டாயிரும். மண்ணுக்குள்ளருந்து வார கேஸு அதுக்குள்ள மாட்டிக்கிடும். பாத்தா சாதா ஐஸுதான். மேல தூக்கியாந்தா குளிரும் இல்ல, பாரமும் இல்ல. கூண்டு பைய உடைஞ்சு கேஸு வெளிய வந்துரும். எங்க சமையக்காரன் சத்தியநேசன் தெரியாம அத நன்னாரி சர்பத்துல போட்டுட்டான். காப்டன் ஒரு மடக்குக் குடிச்சிட்டுப் பீடியப் பத்த வச்சாரு. மீசையில பிடிச்ச தீ, கப்பல்ல பாதியத் தின்னுட்டு. மிச்சப் பாதியிலதான் கரைக்கு வந்தோம்."

"பொறவு?"

"பொறவென்ன? கடலு ஆகாது வே. பொம்பளப் புள்ளைய அனுப்பாதீரு, சொல்லிட்டேன்."

கணேஷ்ராம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அண்ணாச்சி மழை வரும் என்றால் கல்லிடைக்குறிச்சியில் தைரியமாக அப்பளத்தை வெயிலில் பரப்புவார்கள். வராது என்றால் அவசர அவசரமாக உள்ளே எடுப்பார்கள். இதில் ஊர் ஒருமுறையும் ஏமாந்ததில்லை.

ஆக, ஐஸ் எரியாது. கப்பலும் எரியாது. பிறகு எதற்கு இத்தனை பயம்?

"விஜி, பெட்டிய அடுக்கும்மா" என்றார்.

அடுத்த மாதம் கப்பலிலிருந்து அவர் செல்போனுக்கு ஒரு படம் வந்தது. விஜயஸ்ரீ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். கையுறை போட்ட உள்ளங்கையில் வெள்ளைக் கட்டி ஒன்று கொழுந்துவிட்டு எரிந்தது. விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது.

கணேஷ்ராம் செருப்புகூடப் போடாமல் ஓடினார். "அண்ணாச்சி! நெசமாவே எரியுது! அப்ப அந்தக் கப்பலு? ஐயோ, எம் மவ…"

"பதறாதீரு வே. கப்பலும் இல்ல, காப்டனும் இல்ல. அந்தக் கூண்டு, கேஸு மட்டும் உம்ம மவ சொல்லிக் குடுத்தது. 'பெரியப்பா, நீங்க அனுப்பாதன்னு சொன்னாத்தான் அப்பா அனுப்புவாவ'ன்னு கண்ணு கலங்கி நின்னா."

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு செல்போனை வாங்கி, படத்தில் எரிகிற ஐஸை விட்டுவிட்டு அவள் பின்னால் நீலமாகக் கிடந்ததையே வெகுநேரம் பார்த்தார்.

"நான் கடலப் பாத்ததே இல்ல வே. இம்புட்டுப் பெரிசுன்னு தெரிஞ்சிருந்தா, கப்பல இன்னும் கொஞ்சம் பெரிசாச் சொல்லியிருப்பேன்."