காலி அட்டை

“மூணு நாள் மாத்திரையெல்லாம் ஒழுங்கா முழுங்கினீங்களா?” ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தபடி கேட்டார் டாக்டர்.

ஒடிசாவில் போர்வெல் வண்டி வேலைக்குப் போய், மலேரியாவோடு பென்னாகரம் திரும்பியிருந்த சின்னராஜ் தலையாட்டினான். அவன் மனைவி சோபனா காலி அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள்.

“ஒண்ணுகூட மிச்சமில்லைங்க. காய்ச்சலோட எந்திரிச்சு எனக்குக் காப்பி போட்டுக் குடுத்துட்டு, அப்புறம்தான் மாத்திரை போடுவாரு.”

“கிருமி குறையவே இல்லையே. மருந்துக்குக் கட்டுப்படாத மலேரியாவா இருக்குமோன்னு பயமா இருக்கு. அப்படின்னா ஊருக்கே ஆபத்து. ரத்தத்தை சென்னைக்கு அனுப்பிப் பார்க்கணும்.”

சின்னராஜ் நெளிந்தான். “மருந்து மேல தப்பில்லைங்க. நான் பாதிப் பாதிதான் போட்டேன்.”

“மீதி?”

“இவ காப்பியில கரைச்சுட்டேனுங்க. ஒரே வூட்ல இருக்கோம், இவளுக்கும் தொத்திக்கிட்டா என்ன பண்றதுன்னு...”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். “இது கொசு கடிச்சு வர்றதுங்க. அரைகுறையா சாப்பிட்டா கிருமிதான் மருந்துக்குப் பழகிக்கும். இனிமே எங்க நர்ஸ் கண்ணு முன்னாலதான் நீங்க முழுங்கணும்.”

பிறகு சோபனாவிடம் திரும்பினார். “ஏம்மா, மூணு நாளும் காப்பி விஷமாக் கசந்திருக்குமே. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

சோபனா தலை குனிந்துகொண்டாள்.

“கல்யாணமாகி ஆறு வருசத்துல இப்பத்தாங்க எனக்குன்னு காப்பி போட்டுக் குடுக்கறாரு. கசக்குதுன்னு எப்படிங்க சொல்லுவேன்?”